சாவி யாரிடம்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாளாகிய ஞாயிறு. புதுச்சேரியை அடுத்துள்ள நல்லவாடு என்னும் மீனவச் சிற்றூரில், காலை வேளையில், ஒரு வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அழைத்தவர் சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர். சுமத்திரா தீவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து பேரலைகள் எழுந்துள்ளன என்ற செய்தியை அங்கே கேட்டறிந்து, தம் வீட்டாரை எச்சரிக்க அவர் அழைத்தார். செய்தி அடுத்த வீட்டுக்குச் சென்றது. அங்கிருந்து ஊராருக்குச் சென்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் ஒரு தகவல் மையம் அமைத்திருந்தது. கடலின் நிலை, அலையின் உயரம் முதலியவற்றை மீனவர்க்கு அறிவிப்பதற்காக அங்கே ஓர் ஒலிபெருக்கி இருந்தது. ஆனால் கதவு பூட்டியிருந்தது. ஊரார் கதவை உடைத்தனர். ஒலிபெருக்கி முழங்கிற்று. மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் படகுகள் போயின, வீடுகள் போயின; மனித உயிர் ஒன்றும் போகவில்லை.

அதே காலையில் தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000க்கு மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். வேளாங்கண்ணித் தாயின் திருத்தலத்துக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். நிலம் அதிர்ந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணி அளவில். அலை நாகைக் கரையை அடைந்தது ஏறத்தாழ ஒன்பது மணிக்கு. இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. ஒரு திருப்பலி முடிந்து மறு திருப்பலி தொடங்கும் அளவுக்குப் போதிய காலம் அது. அக்காலம் கையில் இருந்தும், செய்தி வந்து சேர வழி இல்லாமற்போயிற்று.

நல்லவாட்டைக் காத்தது ஒலிபெருக்கிதான் என்று கூறிவிடலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஊரின் நினைவு நீங்காத ஒரு மகன் வேண்டியிருந்தது. சொன்னதை நம்பும் அடுத்த வீட்டார் வேண்டியிருந்தது. அந்த ஒலிபெருக்கியின் குரலைக் கேட்டுப் பழகிய செவிகள் வேண்டியிருந்தன. அன்றுதான் முதன்முறையாக அது பேசியிருந்தால் எத்தனை பேர் எழுந்து ஓடியிருப்பர் என்பது ஐயமே. அனைத்துக்கும் மேலாக, பூட்டிய கதவை உடைக்கலாம் என்று அந்தக் கணத்தில் துணிந்தவர்கள் வேண்டியிருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கும்.

அதே அலை முதலில் தாக்கிய இடங்களுள் ஒன்று, இந்தோனேசியாவைச் சேர்ந்த சிமெலூ என்னும் தீவு. அங்கே தகவல் மையமும் இல்லை, தொலைபேசி அழைப்பும் வரவில்லை. 1907ஆம் ஆண்டில் அத்தீவை ஒரு பேரலை அழித்திருந்தது. நிலம் நெடுநேரம் அதிர்ந்து, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று பாட்டிமார் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். அதற்கு அவர்கள் 'ஸ்மோங்' என்று ஒரு பெயரும் வைத்திருந்தனர். 2004இல் ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் எழுவர் மட்டுமே. நம் வீடுகளில் பாட்டிமார் இருக்கின்றனர். தொலைக்காட்சித் தொடர்களுக்கு இடையே அவர்களுக்கு நேரம் கிடைப்பதுதான் அரிதாகிவிட்டது.

முதலில் வருபவர் யார்?

இடர் நேர்ந்தவுடன் அரசு வரும், தீயணைப்புப் படை வரும், ஹெலிகாப்டர் வரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வரத்தான் செய்கின்றன, வருபவர்கள் உயிரைப் பணயம் வைத்தே வருகின்றனர். ஆனால் அவர்கள் முதலில் வருவதில்லை. 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலையில் ஜப்பான் நாட்டின் கோபே நகரை நிலநடுக்கம் குலைத்தது. 6,400 பேருக்கு மேல் மாண்டனர். ஒழுங்குக்கும் கருவிகளுக்கும் பெயர் பெற்ற அந்நாட்டிலேயே, இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலோரை மீட்டவர்கள் வீட்டாரும் அண்டை வீட்டாருமே. எந்த வீட்டில் எந்த அறையில் முதியவர் படுப்பார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கே தோண்ட வேண்டும் என்பதை அவர்களே அறிந்திருந்தனர்.

அதே 1995இல், ஜூலை மாதத்தில், அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கடும் வெயில் அடித்தது. சில நாட்களில் எழுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் தனித்து வாழ்ந்த முதியோர் பலர். எரிக் கிளைனன்பெர்க் என்னும் சமூகவியல் அறிஞர் இதனை ஆராய்ந்து நூலாக எழுதினார். அருகருகே உள்ள இரு குடியிருப்புப் பகுதிகள். இரண்டிலும் வறுமை உண்டு, இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் உண்டு. ஆயினும் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு. இறப்பு குறைந்த பகுதியில் தெருவில் கடைகள் இருந்தன, நடமாட்டம் இருந்தது, முதியவர்கள் வெளியே வந்து போயினர். மற்றதில் கடைகள் மூடிக் கிடந்தன. அஞ்சிய முதியோர் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தனர். ஏப்ரல், மே மாதங்களில் நம் ஊர்களில் தனி வீட்டில் மின்விசிறியும் நின்றுபோன நிலையில் கிடக்கும் முதியோரை இங்கே நினைத்துக்கொள்வது நலம். புயலும் வெள்ளமும் மட்டுமே இடர் என்று எண்ணுவதற்கில்லை.

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குச் சென்றதை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 670 படகுகள். மீட்கப்பட்டோர் 65,000 பேர் எனக் கணக்கிடப்பட்டது. சென்ற மீனவருள் பலர் பல தலைமுறைக் கத்தோலிக்கர். அதற்கு ஒன்பது மாதம் முன்னர், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் அவர்களையே கடலில் சிதறடித்திருந்தது. அப்போது குமரிக் கரையின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களில் குருக்களும் மக்களும் கோவில் வளாகங்களில் அமர்ந்து, எப்படகில் எவர் எவர் சென்றனர் என்று பெயர் பெயராகத் தொகுக்க வேண்டியதாயிற்று. படகுகளில் கூலிக்குச் சென்றிருந்த வெளிமாநிலத் தொழிலாளர் சிலரின் முழுப் பெயரைச் சொல்லவும் ஆள் இல்லை. அழுகைக்கு நடுவே எழுதப்பட்ட அந்தப் பட்டியல்கள், படகு புறப்படுமுன் கரையில் எழுதியிருக்க வேண்டிய பட்டியல்கள்.

நம் பகுதியில் நடந்தது

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களைத் தூத்துக்குடி, நெல்லை மாவட்டத்தார்க்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். ஓராண்டு முழுவதிலும் பெய்ய வேண்டியதைவிட மிகுதியான மழை ஒரே நாளில் காயலில் கொட்டியது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை கடந்தது. மின்சாரம் நின்றது. மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் செல்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் ஓய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் ஊமையாயின.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் வண்டி ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தின் அடியிலிருந்த சல்லிக் கற்களை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. வண்டியை நிறுத்தியதே உயிர்களைக் காத்தது. பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எஞ்சிய ஏறத்தாழ 500 பேர் நிலையத்திலேயே அடைபட்டனர். மீட்புப் படையினர் சென்றடைந்தது 19ஆம் நாள். அதுவரை அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் நிலையத்தை அடுத்த புதுக்குடி ஊரார். தங்கள் ஊரையே வெள்ளம் சூழ்ந்திருக்க, வீட்டில் இருந்த அரிசியையும் பருப்பையும் கூட்டிச் சமைத்தனர். வண்டியில் இருந்தவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாம் பணியாற்றும் பங்கிலும் வெள்ளம் புகுந்தது. ஒரே தெருவில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகளை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

பல ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் ஒரு மூதாட்டி. நீர் வாசற்படியைத் தொட்ட சில நிமிடங்களில் நான்கு இளைஞர்கள் நேராக அவ்வீட்டுக்குச் சென்று, கட்டிலோடு அவரைத் தூக்கி எதிர் வீட்டு மாடியில் சேர்த்தனர். அவர்களுக்கு எவரும் கட்டளையிடவில்லை. மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, மெழுகுதிரி பிடித்துச் செல்பவர்கள் அவர்களே. எந்த அறை, கதவு எப்பக்கம் திறக்கும், கட்டிலை எப்படித் திருப்பினால் வெளியே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

அங்கிருந்து பத்து வீடு தள்ளி எழுபத்து நான்கு வயதுடைய ஒரு பெரியவர். நீரிழிவு நோயாளி. மகனோடு வாழ்பவர். அந்த வாரம் மகன் வேலையாகத் திருப்பூர் சென்றிருந்தார். அது தெருவில் யாருக்கும் தெரியாது. தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. செல்பேசி ஓயுமுன் அதில் வந்த கடைசிச் செய்தி, "நம் தெருவில் எல்லோரும் பத்திரம்" என்பது. பெரியவர் இருட்டில் மேசை மேல் ஏறி, அங்கிருந்து பரணில் ஏறி, இரவு முழுவதும், மறுநாள் நண்பகல் வரையிலும் அங்கேயே இருந்தார். பித்தளைச் செம்பை உத்தரத்தில் தட்டிக்கொண்டே இருந்தாராம். மழை சற்று ஓய்ந்தபோது பின்வீட்டார் செவியில் அவ்வொலி பட்டது. உயிர் பிழைத்தார். நீரில் காலில் பட்ட காயம் ஆறாமல், பின்னர் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது.

அந்தச் செய்தியை அனுப்பியவர் பொய் சொல்லவில்லை. மகன் இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று அனைவரும் எண்ணினர். ஒரு குழுவில் நூறு பேர் இருப்பது வேறு. இன்று அவ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் அறிந்திருப்பது வேறு. செல்பேசியை நாம் பழிக்கவில்லை. நல்லவாட்டைக் காத்ததும் தொலைபேசியே. ஆனால் அது வீட்டில் ஒலித்த பிறகு, செய்தி கால்நடையாகவே ஊருக்குள் சென்றது.

ஏட்டில் ஒரு புதிய பத்தி

ஒவ்வொரு பங்கிலும் குடும்ப ஏடு உண்டு. பழைய பங்குக்குருக்கள் தெருத் தெருவாகச் சென்று, திருமுழுக்கு எப்போது, உறுதிபூசுதல் எப்போது, திருமணம் எங்கே என்று அழகிய கையெழுத்தில் எழுதி வைத்துள்ளனர். மறுமைக்கு வேண்டியவை அனைத்தும் அதில் உள்ளன. வீட்டில் படிக்கட்டு இறங்க முடியாதவர் யார் என்பது அதில் இல்லை.

2024ஆம் ஆண்டு, பருவமழைக்கு முன்னர், அந்தத் தெருவினரை நாம் ஒரு மாலைப் பொழுதில் கூட்டினோம். முதலில் வந்த ஆண்கள், தலைவர், செயலர், பொருளாளர் தேர்தலை நடத்திவிடலாமா என்று கேட்டனர். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பதில் நம் மக்களுக்குள்ள ஆர்வம் நாம் அறிந்ததே. தேர்ந்தெடுத்தபின் பொன்னாடை போர்த்தி நிழற்படம் எடுத்துக் கலைந்துவிடுவதும் நாம் அறிந்ததே. அன்று தேர்தல் நடத்தவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை மட்டும் சுற்றுக்கு விட்டோம். அதை எழுதி முடித்தவர்கள் பெண்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து, எந்த மருமகளுக்கு எட்டாம் மாதம், எந்தக் குழந்தைக்கு மூச்சிரைப்பு, யார் வாரம் இருமுறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்கிறார், யாருக்குக் காது கேளாது என்பதெல்லாம் ஆண்களுக்குப் புதுச் செய்தியாகவும் பெண்களுக்குப் பழைய செய்தியாகவும் இருந்தன.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் தம் பெயரைச் சேர்க்க ஒப்பவில்லை. எண்பது வயது; பிள்ளைகள் வெளிநாட்டில்; தனி வீடு. "சாமி, நான் இன்னும் என் காலால் நடந்துதான் பூசைக்கு வருகிறேன். என்னை எதற்கு முடியாதவர் கணக்கில் எழுதுகிறீர்கள்?" என்றார். அவர் கேட்டது நியாயம். பட்டியலில் ஏறுவதே சிறுமை என்று கருதும் முதியோர் பலர் இருக்கின்றனர். அவர்களைக் கட்டாயப்படுத்துவது முறையன்று. பட்டியலைப் பாதுகாத்து, மாதம் ஒருமுறை சரிபார்க்கும் வேலையை டீச்சரே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். எடுத்துக்கொண்டார். இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமையன்று அவர் கைத்தடியோடு வீடு வீடாகச் சென்று, யார் ஊரில் இருக்கிறார், யார் வெளியூர் போகிறார் என்று கேட்டு எழுதுகிறார். பிழையாக எழுதினால் பழைய மாணவர்களைக் கண்டிப்பதும் உண்டாம். அவர் வராத சனிக்கிழமை ஒன்று வந்தால், தெருவே அவர் வீட்டு வாசலில் நிற்கும். அது அவருக்கும் தெரியும் என்றே நினைக்கிறோம்.

உதவி வேண்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வீடுகள் பொறுப்பு என்று முடிவாயிற்று. ஒரு வீடு போதாது. இடர் வரும் நாளில் அவ்வீட்டார் திருமணத்துக்குப் போயிருக்கலாம். இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வாய்க்கால் தகராறில் நீதிமன்றம் வரை சென்ற இரு வீடுகள். ஒன்று மாடி வீடு. மற்றது ஓட்டு வீடு, கைக்குழந்தை உள்ள வீடு. சுவர் ஒன்றே. ஆண்கள் இருவரும் கூட்டத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வழக்கை நாம் பேசவில்லை. அது நம்மால் தீர்வதன்று. சில நாள் கழித்து, ஓட்டு வீட்டின் புறக்கடையில், சுவரில் சாய்த்து ஓர் ஏணி கட்டப்பட்டிருந்தது. இரு வீட்டுப் பெண்களும் பேசிச் செய்த ஏற்பாடு. வழக்கு இன்னும் நடக்கிறது, ஏணியும் இருக்கிறது.

தெருவில் உள்ளோர் யாவரும்

இப்பணியை அன்பியத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று சிலர் கேட்டனர். முப்பது குடும்பங்கள் கொண்ட அன்பியம் நம்மிடம் ஆயத்தமாக உள்ளது, ஒருவரையொருவர் அறிவர், செபத்துக்குக் கூடும் பழக்கமும் உண்டு. தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆயின் அன்பியத்தின் வீடுகள் தெருவில் விட்டு விட்டு இருக்கின்றன. இடையிலுள்ள வீடுகள் இந்துக்களுடையவை, இசுலாமியருடையவை. வெள்ளம் வீடு தாண்டிப் புகுவதில்லை. என் அயலான் யார் என்று கேட்ட சட்ட வல்லுநனுக்கு ஆண்டவர் சொன்ன மறுமொழியில், உதவியவன் சமாரியன் என்பதை மட்டும் அவர்களுக்கு நினைவூட்டினோம். சுனாமிக்குப் பின் நாகைப் பகுதியின் சில முகாம்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒதுக்கி வைக்கப்பட்டதாக அந்நாளில் செய்திகள் வெளிவந்தன. பொதுவான இழப்பு தானாகவே மக்களை ஒன்றாக்கிவிடும் என்று நம்பியிருப்பது அறிவுடைமையன்று. முன்னரே ஒரு பந்தியில் அமர்ந்து பழகியவர்களே அன்றும் அமர்வர்.

வீட்டு ஆயத்தங்கள் பற்றிச் சிறிது. குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம், மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் கெட்டியான பிளாஸ்டிக் உறையில் இட்டு, உயரத்தில் ஒரே இடத்தில் வைக்க வேண்டும். திருமுழுக்குச் சான்றிதழ் நனைந்தால் நாம் மறுபடி எழுதித் தருவோம். பட்டாவை நம்மால் எழுதித் தர இயலாது. நீர் வீட்டுக்குள் வருமுன் மின்சார மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் பிள்ளைகள் உட்பட அனைவருக்கும் தெரிய வேண்டும், ஈரக் கையால் தொடலாகாது என்பதும் தெரிய வேண்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டராவது நீர், மூன்று நாளைக்கு. இன்சுலின் போடுவோர் வீட்டில், பிரிட்ஜ் நின்றுவிட்டால் மருந்தை உறையிலிட்டு, ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் வைத்து நிழலில் காக்கலாம். வயிற்றுப்போக்குக் கண்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்க வேண்டும். உப்பு மிகுந்தால் தீங்கு. வெள்ளம் வடிந்தபின் வெறுங்காலோடு சேற்றில் நடப்பதால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கலாகாது.

புயலைப் பற்றி இளைஞர்களுக்கு ஒரு சொல். காற்று திடீரென அடங்கி வானமும் தெளிவதுபோல் தோன்றினால், புயல் போய்விட்டது என்று வெளியே வரக்கூடாது. அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று மீண்டும் வரும். முதற் காற்றில் தளர்ந்து நின்ற மரமும் சுவரும் இரண்டாம் காற்றில்தான் விழும்.

செய்தித் தொடர்புக்கு நம் தெருவினர் செய்துள்ள ஏற்பாடு எளியது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070, அவசர மருத்துவ ஊர்திக்கு 108, பொது அவசரத்துக்கு 112. இவற்றோடு, தெருவாரின் எண்களும் தாளில் எழுதப்பட்டு ஒவ்வொரு வீட்டுக் கதவின் பின்புறமும் ஒட்டப்பட்டுள்ளன. செல்பேசி அணைந்துவிட்டால் அதனுள்ளே உள்ள எண்களால் பயன் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் வெளியூர் உறவினர் ஒருவரைத் தேர்ந்து, பிரிய நேர்ந்தால் அவருக்கே அனைவரும் செய்தி சொல்வது என்று வைத்துள்ளது. உள்ளூர் இணைப்புகள் நெரியும்போது குரல் அழைப்பு கிட்டாவிடினும் குறுஞ்செய்தி போய்ச் சேருவதுண்டு. மின்கலத்தால் இயங்கும் வானொலிப் பெட்டி தெருவுக்கு இரண்டு.

அடுத்துக் கோவில் மணி. மூவேளை மணி, துக்க மணி, திருவிழா மணி என்று மணியோசையின் பொருளைப் பிரித்தறிய நம் மக்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. இடைவிடாது அடித்தால் மாடிக்கும் மேட்டுக்கும் செல்ல வேண்டும் என்பதை மட்டும் புதிதாகச் சேர்த்தோம். ஒத்திகை வைத்த மாலையில் மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை வெளிப்பட்டது. இந்நாளில் பல கோவில்களில் ஒலிப்பது மணி அன்று. ஒலிபெருக்கியில் ஒலிக்கும் பதிவு. மின்சாரம் போனால் அதுவும் போகும். கோபுரத்தில் பழைய வெண்கல மணி பத்திரமாக இருந்தது. அதன் கயிறு நெடுங்காலம் முன்னரே இற்றுப்போயிருந்தது. கடலோரப் பங்கிலிருந்து வந்திருந்த ஒருவர் படகுக் கயிறு கொண்டுவந்து கட்டிக் கொடுத்தார். முதல்முறை அடித்தபோது புறாக்கள் கலைந்தன. சிறுவர்கள் தங்களுக்கும் அடிக்கத் தரவேண்டும் என்று வரிசையில் நின்றனர். தந்தோம். கயிறு எவ்வளவு கனம் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அக்டோபர் மாதம் செபமாலை மாதம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அம்மாதத்தில்தான். இரவுதோறும் ஒரு வீட்டில் செபமாலைக்குக் கூடும் நம் குடும்பங்கள், செபம் முடிந்து சுண்டல் வழங்குமுன், அந்த வீட்டின் பெயர்களை ஒருமுறை படித்துச் சரிபார்த்தால் மாத முடிவில் தெரு முழுவதும் முடிந்துவிடும். அண்டை வீட்டுப் பிற சமயத்தாரையும் சுண்டலுக்கு அழைக்கலாம், அநேகமாக வருவார்கள்.

கோபுரக் கதவின் சாவி இப்போது மூன்று. ஒன்று கோவில் பணியாளரிடம். இரண்டாவது கோவிலுக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருப்பவரிடம். அவர் கத்தோலிக்கர் அல்லர்; எனினும் விடியற்காலை மூன்றரை மணிக்குத் தெருவில் விழித்திருப்பவர் அவர் ஒருவரே என்பதால் கூட்டம் ஒருமனதாக அவரைத் தேர்ந்தது. மூன்றாவது சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது பற்றி இரண்டு அன்பியங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றன.